ஆடும் விமானமும் அத்தையின் மூன்று கேள்விகளும்

மைலாப்பூர் தெற்கு மாட வீதியில் என் அத்தை இருக்கிறாள். வயது எழுபத்திரண்டு. தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளுக்குள் உலகத்தின் சகல சௌகரியங்களும் அடங்கிவிட்டன என்பது அவளுடைய சித்தாந்தம். ரயில் ஏறினால் கும்பகோணம். அதற்கு அப்பால் போக வேண்டிய அவசியம் அவளுக்கு எழுபத்திரண்டு வருஷமாக ஏற்படவில்லை. இப்படிப்பட்டவளுக்கு, 2024-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில், சிங்கப்பூரிலுள்ள பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தது. பேரன் பிறந்திருந்தான். பொங்கல் கழிந்ததும் பாட்டி வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும், டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்று பிள்ளை சொன்னான்.

அத்தை முதலில் சம்மதித்துவிட்டாள். அதன் பிறகு அந்தப் புயல் வந்தது.

2024 நவம்பர் 30-ம் தேதி பெங்கல் புயல் புதுச்சேரியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததும், சென்னையில் மழை கொட்டித் தீர்த்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். அன்று பம்பாயிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று மீனம்பாக்கத்தில் இறங்க முயன்றது. ஓடுபாதையைத் தொடும் தறுவாயில், பக்கவாட்டுக் காற்றில் அதன் இறக்கைகள் இப்படியும் அப்படியும் சாய்ந்தன. ஒரு கணம் இடது இறக்கை தரையை உரசிவிடுமோ என்று தோன்றியது. அடுத்த கணம் விமானம் மூக்கை உயர்த்தி, மழைத் திரைக்குள் புகுந்து, வந்த வழி தெரியாமல் மேலே போய்விட்டது. யாரோ பிடித்த அந்தச் சலனப் படம் ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வந்து, கடைசியில் அத்தையின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. அதைத் தொடர்ந்து, அந்த வருஷம் மே மாதத்தில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன விமானத்தில் பிரயாணிகள் கூரையில் மோதிக் காயமடைந்த செய்தியையும் யாரோ ஒரு புண்ணியவதி அனுப்பி வைத்தாள்.

"சிங்கப்பூருக்குப் போன விமானமாமே?" என்றாள் அத்தை. அவள் குரலில் இருந்தது கேள்வி அல்ல, தீர்ப்பு.

எதிர்த்துப் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். "உங்களுக்கு எது பயம், அத்தை? அதைச் சொல்லுங்கள்" என்றேன். அத்தை சற்று யோசித்து, மூன்று விரல்களை மடக்கினாள்.

"ஒன்று, நடு ஆகாயத்தில் யந்திரம் நின்றுபோனால் என்ன செய்வது? இரண்டு, இந்த ஆட்டத்தில் இறக்கை ஒடிந்துபோனால்? மூன்று, காற்றிலே பள்ளம் இருக்கிறதாமே, அதில் விழுந்தால்?"

மூன்றும் நியாயமான கேள்விகள். விமானத்தில் நூறு முறை பறந்தவர்களில்கூடப் பலர் இவற்றைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, ஆசனத்தின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி காலம் தள்ளுகிறார்கள். ஆகவே அத்தைக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்வதில் பிழையில்லை.

* * *

அத்தை வீட்டு மொட்டை மாடி இந்த விஷயத்தைப் பேசுவதற்கு மிகப் பொருத்தமான இடம். மேற்கு முகமாக இறங்கும் விமானங்கள் கடலிலிருந்து கரையேறி, மந்தைவெளி, கோட்டூர்புரம், கிண்டி வட்டாரத்து ஆகாயத்தைக் கடந்து, பரங்கிமலைக்கு அருகாகச் சென்று மீனம்பாக்கத்தில் தரையைத் தொடுகின்றன. வடாம் காயவைக்கும் பெண்மணிகள் நிமிர்ந்து பார்த்தால் விமானத்தின் வயிறும், இறக்கையின் அடியில் தொங்கும் இரண்டு பெரிய யந்திரங்களும் தெளிவாகத் தெரியும்.

அந்த யந்திரத்தின் வாய் எவ்வளவு பெரியது என்று கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. இப்போது நம் ஊருக்கு அதிகமாக வந்து போகும் ஏர்பஸ் 320 நியோ என்ற ரக விமானத்தில், லீப் என்ற யந்திரத்தின் முன்புற விசிறிக்குக் குறுக்களவு 78 அங்குலம். ஆறடி உயரமுள்ள மனிதர் அதற்குள் தலை குனியாமல் நிற்கலாம். அந்த விசிறியில் 18 இதழ்கள். அவை உலோகமல்ல, கரி நாரைப் பின்னிப் பிசின் ஊட்டி இறுக்கியவை.

ஜெட் யந்திரத்தின் தத்துவம் எளியது. முன்னால் காற்றை உறிஞ்சு, அதை நெருக்கு, எண்ணெயைத் தெளித்து எரி, பின்னால் உமிழ். உமிழும் வேகத்தின் எதிர்விசை விமானத்தை முன்னே தள்ளுகிறது. வெளியேறும் அனல் காற்று, போகிற போக்கில் ஒரு சுழல் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. அதே அச்சில் கோத்திருக்கும் முன்புறச் சக்கரங்கள் மேலும் காற்றை உறிஞ்சுகின்றன. இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் என்ற இளைஞர் 1930-ல் இதற்கு உரிமைப் பத்திரம் கோரி விண்ணப்பித்தார். ஆனால் ஜெட் யந்திரத்தைக் கொண்டு முதலில் ஆகாயத்தில் பறந்தது 1939 ஆகஸ்டு 27-ல் ஜெர்மானியரின் ஹெயின்கல் விமானந்தான்.

ஆரம்ப கால யந்திரங்கள் உறிஞ்சிய காற்றை எல்லாம் எரித்து அசுர வேகத்தில் வெளியே தள்ளின. காது செவிடுபடும், எண்ணெயும் ஆறாக ஓடும். இப்போதுள்ள யந்திரத்தின் சூட்சுமம் வேறு. லீப் யந்திரம் உறிஞ்சும் காற்றில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான் நெருப்புக்குள் போகிறது. மற்றப் பதினொரு பங்கும் நெருப்பைத் தொடாமல், விசிறியால் தள்ளப்பட்டு வெளியேறுகிறது. பனையோலை விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன விசிறியைப் படபடவென்று அடித்தால் கை வலிக்கும். பெரிய விசிறியை நிதானமாக வீசினால் அதே காற்று, பாதிச் சிரமம். கொஞ்சம் காற்றை அதி வேகமாகத் தள்ளுவதைக் காட்டிலும், நிறையக் காற்றை மிதமான வேகத்தில் தள்ளுவது சிக்கனம். யந்திரத்தின் வாய் வருஷத்துக்கு வருஷம் அகன்றுகொண்டே போவதன் ரகசியம் இதுதான்.

சிரமமெல்லாம் நெருப்புக்குப் பின்னாலுள்ள சுழல் சக்கரத்தில்தான் இருக்கிறது. அங்கே வரும் அனலின் உஷ்ணம், சக்கரத்தின் இதழ் எந்த உலோகத்தால் ஆனதோ அதன் உருகு நிலையைவிட அதிகம்! அப்படியிருந்தும் இதழ் உருகுவதில்லை. காரணம், இதழின் உள்ளே மயிரிழைப் பாதைகள் அமைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். அது இதழின் மேலுள்ள நுண்ணிய துவாரங்கள் வழியாகக் கசிந்து, மெல்லிய போர்வையாகப் படர்ந்து காக்கிறது. மேலே பீங்கான் போன்ற ஒரு பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இதழ் முழுவதும் ஒரே படிகம். சர்க்கரைக்கும் கற்கண்டுக்கும் உள்ள வித்தியாசம் அத்தைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சர்க்கரைக் கட்டியை அழுத்தினால் பொடிக்குப் பொடி பிரிந்துவிடும். கற்கண்டுக் கல் அவ்வளவு சுலபத்தில் பிரிவதில்லை. சாதாரண உலோகத்தில் பொடிப்பொடியான மணிகள் உண்டு. பெரும் உஷ்ணத்தில் அந்த மணிகள் ஒன்றையொன்று விட்டு நகரும். நிக்கல் கலவையைக் கற்கண்டுபோல் ஒரே படிகமாக வளர்த்துவிட்டால் நகர்வதற்கு இடமே இல்லை.

இந்தக் கற்கண்டு சமைக்கும் வித்தை உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகளிடந்தான் இருக்கிறது. கேட்டால் தருவார்களா? தரமாட்டார்கள். நம் நாட்டில் பெங்களூரிலுள்ள யந்திர ஆராய்ச்சிசாலை, காவேரி என்று நம் நதியின் பெயரைச் சூட்டிப் போர் விமானத்துக்கு ஒரு ஜெட் யந்திரம் செய்யப் பல வருஷம் பாடுபட்டது. போதிய விசை கிடைக்காமையால் 2008-ல் அதைத் தேஜஸ் விமானத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். தேஜஸ் அமெரிக்க யந்திரத்தில் பறக்கிறது. 2023-ம் வருஷம் ஒன்றில் மட்டும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு யந்திரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவும் கடல் கடந்துதான் வர வேண்டும். அதே வருஷம் அமெரிக்க பிராட் அண்டு விட்னி கம்பெனியின் யந்திரத் தட்டுகளில் உலோகப் பொடியில் மாசு கலந்திருப்பதாகத் தெரிய வந்தபோது, நம் விமானங்கள் டஜன் கணக்கில் சிறகு முடங்கி நின்றன. பிறத்தியார் வீட்டு அடுப்பை நம்பி விருந்துக்கு அழைத்தவன் கதை!

ஆனாலும் மனம் சோர வேண்டியதில்லை. மைலாப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில், அடையாறு கடந்து, மான் மேயும் கிண்டிக் காட்டுக்குள் இருக்கும் ஐ.ஐ.டி.யில் நெருப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் ஆர். ஐ. சுஜித்தும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்த ஒரு விஷயம் மிக ரசமானது. யந்திரத்தின் எரி கலத்துக்குள் நெருப்பு ஒழுங்கில்லாமல் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் சில சமயம் தாளம் பிறந்துவிடுகிறது. நெருப்பும் ஒலியும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு, கலத்தையே உடைத்துவிடும் அளவுக்கு அதிர்கின்றன. இது ஏவுகணை முதல் மின்சார நிலையம் வரை எல்லோரையும் வாட்டும் வியாதி. தாளம் முழுதாகப் பிடிப்பதற்கு முன்பே, இரைச்சலின் நடுவே விட்டு விட்டுச் சிறிது ஒழுங்கு தலை காட்டும், அதைக் கவனித்தால் ஆபத்தை முன்கூட்டியே அறிந்துவிடலாம் என்று இவர்கள் காட்டினார்கள். மார்கழி மாதத்துச் சபாவில் கச்சேரிக்கு முன் எழும் சலசலப்பினால் கூரைக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரம் பேரும் ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்கினால்தான் கட்டடக்காரருக்குக் கவலை. யந்திரத்துக்குள் குழப்பம் க்ஷேமம், ஒழுங்கு அபாயம் என்பது விசித்திரமான தர்மம் அல்லவா?

"அதெல்லாம் இருக்கட்டும், நின்றுபோனால்?" என்று அத்தை நினைவூட்டினாள்.

1982 ஜூன் 24-ம் தேதி நிகழ்ந்ததைச் சொன்னேன். லண்டனிலிருந்து நியூஸிலாந்து சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், பம்பாயிலும் நம் சென்னையிலும் தங்கி, கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது. 260-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். ஜாவாவுக்கு அருகே இரவில், 37,000 அடி உயரத்தில், கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் விமானம் புகுந்துவிட்டது. நான்கு யந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. நான்குமே!

விமானம் கல்லைப் போல் விழவில்லை; சறுக்கியது. ஜெட் விமானம் யந்திரமின்றியே ஒரு மைல் உயரம் இறங்குவதற்குள் பதினைந்து மைல் தூரம் வரையில் முன்னே போகக்கூடியது. பருந்து சிறகடிக்காமல் மிதப்பதைப் பார்த்ததில்லையா? விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது யந்திரமல்ல, இறக்கை. யந்திரம் முன்னே இழுத்துச் செல்கிறது, அவ்வளவே. சாம்பல் மண்டலத்துக்குக் கீழே இறங்கியதும், யந்திரத்துக்குள் உருகி ஒட்டியிருந்த சாம்பல் குளிர்ந்து உதிர்ந்தது. யந்திரங்கள் மீண்டும் உயிர் பெற்றன. முன் கண்ணாடி முழுவதும் சாம்பலால் தேய்ந்து மங்கிப்போயிருந்தும், காப்டன் எரிக் மூடி ஜாகர்த்தாவில் விமானத்தை இறக்கினார். ஒருவருக்கும் உயிர்ச் சேதமில்லை.

அத்தை ஒரு விரலைப் பிரித்தாள்.

* * *

இறக்கை விஷயத்தில் அத்தைக்குப் பொய் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். ஏனெனில், இறக்கைகள் முறிந்ததுண்டு.

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்ஸென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். நம் தேசத்து விமானப் போக்குவரத்தின் பிள்ளையார் சுழி அதுவே. அவர்கள் ஓட்டியது பஸ் மாத் என்ற ஒற்றை யந்திர விமானம். அதே ரகத்தைச் சேர்ந்த சில விமானங்கள் அந்தக் காலத்தில் வேறு நாடுகளில் கொந்தளிக்கும் காற்றில் அகப்பட்டு ஆகாயத்திலேயே சிதைந்தன. டாட்டாவும் வின்ட்ஸென்டும் எவ்வளவு துணிச்சல்காரர்கள் என்று இப்போது விளங்கும்.

உலகத்தின் முதல் ஜெட் பிரயாணி விமானமான காமெட், 1952 மே 2-ம் தேதி தன் சேவையைத் தொடங்கியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2-ம் தேதி, கல்கத்தா டம்டம்மிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய காமெட் ஒன்று, சில நிமிஷங்களுக்கெல்லாம் கோடை இடிப் புயலுக்குள் சிக்கி உடைந்து விழுந்தது. 43 பேர் மாண்டார்கள். புயலின் மிதமிஞ்சிய விசையில் விமானத்தின் அமைப்பு முறிந்தது என்று நம் நாட்டில் நடந்த விசாரணை சொல்லியது. மறு வருஷம் வேறிரண்டு காமெட்டுகள் மத்தியதரைக் கடலின் மேல் சிதைந்தபோது, திரும்பத் திரும்பக் காற்றழுத்தம் ஏற்றி இறக்குவதால் உலோகம் களைத்துப் போகிறது என்ற உண்மையும் தெரிந்தது.

இவ்வளவு பேர் உயிரைக் கொடுத்து வாங்கிய பாடம் வீண் போகவில்லை. இன்றைய விமானத்தின் இறக்கை, அதன் ஆயுளில் எதிர்பார்க்கக்கூடிய மிகப் பெரிய பாரத்துக்கு ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கணக்கில் காட்டினால் போதாது. கயிறும் சங்கிலியும் பூட்டி இழுத்துக் காட்டுகிறார்கள். 1995-ல் போயிங் 777-ன் இறக்கையை ஒடிகிற வரையில் வளைத்துப் பார்த்தார்கள். எல்லைப் பாரத்தின் 154 சதவிகிதத்தில்தான் அது ஒடிந்தது. 2010-ல் போயிங் 787-ன் இறக்கையை ஒன்றரை மடங்கு பாரம் ஏற்றி வளைத்தபோது நுனி சுமார் 25 அடி மேலே எழும்பியது. இரண்டு மாடி உயரம்! ஒடியவில்லை.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து இறக்கை ஆடுவதைக் கண்டு நடுங்குகிறவர்கள், 2016 டிசம்பரில் வர்தா புயலன்று அடையாற்றுச் சாலைகள் இருந்த கோலத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி நின்ற பெரும் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. தலை தரையில் படுமோ என்று வளைந்தாடிய தென்னைகள் பல மறுநாள் காலையில் ஒன்றும் நடவாததுபோல் நின்றன. வளைவது பலவீனமல்ல என்று தென்னைக்குத் தெரியும். விமானம் கட்டுகிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

அத்தை இரண்டாவது விரலைப் பாதி பிரித்தாள். காமெட்டை நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

* * *

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. காற்றில் பள்ளம் என்று ஒன்றும் கிடையாது. காற்று இல்லாத இடம் ஆகாயத்தில் எங்கேயும் இல்லை. இருப்பது ஏறு காற்றும் இறங்கு காற்றும் சுழிகளுமே. அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், வெள்ளக் காலத்தில் நீர் எப்படிச் சுழிக்கிறதோ அப்படித்தான் ஆகாயத்திலும்.

நம் ஊரிலேயே இதைக் கண்கூடாக அறியலாம். சித்திரை வெயிலில் தியாகராய நகரின் தார் ரோடுகள் கொதிக்கின்றன. அனல் காற்று மேலே எழும்புகிறது. பிற்பகலில் கடற்காற்று புகுந்து, கனத்த குளிர் காற்றை ஆப்பு வைத்தாற்போல் அதன் அடியில் செருகுகிறது. மெரினாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆனந்தம். அதே சமயம் இரண்டு காற்றும் சந்திக்கும் எல்லையைக் கடந்து இறங்கும் விமானம் நாலு குலுக்குக் குலுங்கும். மாட்டு வண்டி வரப்பைக் கடப்பது போல் அது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இடிமேகம் அப்படியல்ல. அதற்குள் ஏறு காற்று எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தில் பாயும். விமானிகள் அதற்குள் நுழைவதில்லை. மூக்கிலுள்ள ரேடாரில் பார்த்து வெகு தூரம் சுற்றிக்கொண்டு போவார்கள். தரையிலும் காவலுண்டு. சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் வைத்த டாப்ளர் ரேடாரும், பள்ளிக்கரணையில் பிறகு அமைந்த ரேடாரும் மழை மேகத்தின் நடமாட்டத்தை வேவு பார்க்கின்றன.

ரேடாருக்கும் அகப்படாதது ஒன்று உண்டு: தெளிந்த ஆகாயத்துக் கொந்தளிப்பு. மேல் ஆகாயத்தில் நதிபோல் ஓடும் அதிவேகக் காற்றோட்டங்களின் கரைகளில் இது பிறக்கிறது. மேகமில்லை, மழையில்லை, ஆகவே ரேடாருக்குத் தெரிவதில்லை. தென்மேற்குப் பருவ காலத்தில் நம் தென்னிந்தியாவின் தலைக்கு மேலேயே கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஓர் ஆகாய நதி இருக்கிறது. அதை 1958-ல் விரிவாக வர்ணித்து உலகத்துக்குச் சொன்னவர் நம் வானிலை இலாகாவைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம். நல்ல வேளையாக அதன் நடு ஓட்டம் பிரயாணி விமானங்கள் வழக்கமாகப் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. பூமி சூடேறுவதால் இந்தக் கொந்தளிப்பு அதிகரிக்கிறது என்றும் சொல்கிறார்கள். வட அட்லாண்டிக் ஆகாயத்தில் கடுமையான கொந்தளிப்பு 1979-க்கும் 2020-க்கும் இடையில் 55 சதவிகிதம் கூடியிருப்பதாக இங்கிலாந்தின் ரீடிங் சர்வகலாசாலை 2023-ல் கணக்கிட்டது.

இனி, அத்தையைப் பயமுறுத்திய சிங்கப்பூர் விமானம். 2024 மே 21-ம் தேதி, பர்மாவில் ஐராவதி நதிப் பிரதேசத்தின் மேல், 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த போயிங் 777 அது. பிரயாணிகள் 211 பேர், சிப்பந்திகள் 18 பேர். விமானம் ஆறாயிரம் அடி விழுந்துவிட்டதாக முதலில் வதந்தி பரவியது. விசாரணையில் தெரிந்தது வேறு. அந்த அதிர்ச்சியில் விமானம் இறங்கியது வெறும் 178 அடி. அதற்கு ஆன நேரம் ஐந்து வினாடிக்கும் குறைவு. ஆறாயிரம் அடி என்பது பின்னால் பாங்காக்கில் இறங்குவதற்காக விமானி நிதானமாக உயரத்தைக் குறைத்தது.

அப்படியானால் ஒருவர் இறந்ததும், பலர் முதுகெலும்பிலும் தலையிலும் காயம் பட்டதும் எப்படி? விமானம் 0.6 வினாடிக்குள் கீழ் நோக்கி வெடுக்கென்று இழுக்கப்பட்டது. பெல்ட் பூட்டாதவர்களின் உடல் அதனோடு இறங்கவில்லை. இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. கூரை வந்து தலையில் மோதியது. அடுத்த நான்கு வினாடியில் விமானம் மேலே எழும்பியபோது அவர்கள் தரையில் விழுந்தார்கள். பெல்ட் பூட்டும்படி விளக்கு எரிந்ததற்கும் இந்த இழுப்புக்கும் நடுவே இருந்த அவகாசம் எட்டு வினாடி. எட்டு வினாடியில் பின்கட்டிலிருந்து வந்து உட்கார முடியுமா?

விமானமோ முழுசாகப் பாங்காக்கில் இறங்கியது. இறக்கை ஒடியவில்லை, யந்திரம் நிற்கவில்லை.

"அப்படியென்றால் அந்த வாரை அவிழ்க்கவே கூடாது என்கிறாயா?" என்றாள் அத்தை.

"எழுந்து போகிற நேரம் தவிர, அவிழ்க்கக் கூடாது."

"தூங்கும்போது?"

"அப்போதுதான் அவசியம்."

நவம்பர் 30-ம் தேதி விமானத்தைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதை ஒரு விபத்து தப்பிய கதையாகக் கண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கக் காற்று வீசும்போது விமானி மூக்கைக் காற்றை நோக்கிச் சற்றுத் திருப்பி வைத்து, நண்டுபோல் கோணலாக இறங்கி, தொடும் தருணத்தில் நேராக்குவார். காற்று சீராக வீசினால் இது நடக்கும். புயலின் காற்றோ விட்டு விட்டு அறையும். நடவாது என்று தெரிந்ததும், விசையை முழுவதும் கொடுத்து மேலே எழும்பிவிட வேண்டும். இதற்குத்தான் யந்திரம் வேண்டும். ஜெட் யந்திரத்தின் சக்கரங்கள் பாரமானவை; மந்த கதியிலிருந்து முழு வேகம் பிடிக்கச் சில வினாடிகள் ஆகும். ஆகையால் இறங்கும்போதே யந்திரத்தை அடியோடு ஓயவிடாமல், அரைத் தூக்கத்தில் இருக்கும் காவற்காரனைப் போல் வைத்திருக்கிறார்கள். அன்று அந்தக் காவற்காரன் கூப்பிட்ட மாத்திரத்தில் எழுந்தான். இறங்குவதைக் கைவிடும் அந்த முடிவை எடுக்க விமானிக்கு இரண்டு மூன்று வினாடிதான் இருந்திருக்கும். மீனம்பாக்கம் விமான நிலையம் மறுநாள் விடியற்காலை வரை மூடப்பட்டது. இறங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடத் தெரிந்த ஒருவர் ஓட்டிய விமானம் அது.

* * *

தை மாதம் இரண்டாவது வாரம் அத்தை புறப்பட்டாள். ஒரு டப்பா நிறைய முறுக்கு, கபாலி கோயில் விபூதி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிறு கந்த சஷ்டி கவசப் புத்தகம். விமான நிலைய வாயிலில் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த காமெட் இப்போது ஓடுகிறதா?" என்று கேட்டாள். இல்லை, அதெல்லாம் போய் வெகு காலமாகிவிட்டது என்றேன். தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பியவளைப் பார்க்கப் போனேன். பேரனின் பெருமைகளைச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு தானாகவே சொன்னாள். திரும்பி வருகையில், அந்தமானைத் தாண்டியதும், விமானம் கால் மணி நேரம் ஆடிற்றாம். பக்கத்து ஆசனத்தில் டை கட்டிய ஒரு வாலிபன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தானாம்.

"பெல்ட்டைப் போட்டுக்கோடாப்பா, இறக்கை ஒன்றும் ஒடியாது, 25 அடி வளைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். போட்டுக்கொண்டான்."

"உங்களுக்குப் பயமாக இல்லையா, அத்தை?"

"பயம் என்ன? ஆனால் அந்த ஆட்டத்தில் என் காப்பி முழுவதும் கொட்டிப் போய்விட்டது. கொட்டினதிலும் ஒரு நஷ்டமில்லை. அதையும் காப்பி என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அதைக் கேட்க நாட்டில் ஒருத்தரும் இல்லையா?"